திறமூல உரிமங்கள் ஒன்றோடொன்று முரண்படும்போது: நிரலர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஜிபிஎல் என்பது, தன் கீழ் உள்ள நிரலைச் சேர்த்து விநியோகிக்கும் பொருள் முழுவதையும் மூல நிரலோடு அதே உரிமத்தில் கொடுக்கச் சொல்லும் திறமூல உரிமம். 1991 ஜூனில் வெளியான அதன் இரண்டாம் பதிப்பில் உள்ள ஏழாவது பிரிவைப் படித்தால், உரிமப் பொருத்தம் பற்றிய சச்சரவுகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்பது விளங்கும். அந்த உரிமம் விதிக்கும் கடமைகளையும் வேறிடத்திலிருந்து வந்து சேரும் கடமைகளையும் ஒரே வேளையில் நிறைவேற்ற இயலாதவர், நிரலை விநியோகிக்கவே கூடாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. பாதியை நிறைவேற்றிவிட்டு மீதிக்கு விலக்குக் கேட்க அங்கே இடமில்லை. ஆகவே, இரண்டு உரிமங்கள் பொருந்துமா என்று கேட்பதன் பொருள், இரண்டின் நிபந்தனைகளையும் ஒரே பொருளில் எதையும் மீறாமல் நிறைவேற்ற வழி இருக்கிறதா என்பதுதான்.

சென்னையில் ஒப்பந்த அடிப்படையில் நிரல் எழுதித் தரும் குழுக்களில் பல ஆண்டுகள் பணியாற்றியதில், இந்தக் கேள்வியை வரிசை மாற்றிக் கேட்பதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் முளைக்கின்றன என்று கண்டிருக்கிறேன். உரிமத்தின் பெயரைப் பார்த்தவுடனேயே இது ஆபத்து, அது பாதுகாப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பொருள் யார் கையில் எவ்வடிவில் போய்ச் சேரப்போகிறது என்பதையும், அதன் பாகங்கள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் யாரும் கேட்பதில்லை. அதனால் ஒரு பக்கம் பயன்படுத்தியிருக்கத்தக்க நல்ல நூலகம் (பிறர் எழுதி, நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) வீண் அச்சத்தால் கைவிடப்படுகிறது; மறுபக்கம், பாதுகாப்பானது என்று நம்பிய ஒன்றால் உண்மையான மீறல் நேர்கிறது. கேள்விகளைச் சரியான வரிசையில் கேட்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு போவோம். அடையாற்றில் நான்கு பேர் சேர்ந்து, பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காகத் தமிழ்ப் பாடநூல்களை வாசித்துக் காட்டும் கணினிச் செயலி ஒன்றை உருவாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அச்சுப் பக்கத்திலிருந்து எழுத்துகளை எடுக்க டெஸராக்ட். அதன் உரிமம் அப்பாச்சி 2.0. குரலுக்கு ஈஸ்பீக் என்ஜி. அது ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது. பிடிஎஃப் கோப்புகளைத் திறக்கப் பைமியூபிடிஎஃப்; அது ஜிபிஎல்லைவிடக் கடுமையான ஏஜிபிஎல், அல்லது பணம் கட்டிப் பெறும் வணிக உரிமம். திரைக்குப் பைக்யூட்டி, அது ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, அல்லது வணிக உரிமம். இவற்றோடு, வாசிப்பு வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் எங்கோ கிடைத்த பழைய ஒலி நூலகம் ஒன்று. அதன் தலைப்புக் குறிப்பில் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு மட்டும் என்று இருக்கிறது. தங்கள் சொந்த நிரலைக் கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது குழுவின் விருப்பம். (சென்னைவாசிகளுக்கு எம்ஐடி என்றதும் குரோம்பேட்டைக் கல்லூரிதான் நினைவுக்கு வரும், உரிமத்தின் பெயர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது.)

முதல் படி: பொருள் யாரிடம் எப்படிப் போகிறது?

ஜிபிஎல் குடும்பத்தின் பெரும்பாலான கடமைகள், நிரலின் படியை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதுதான் உயிர் பெறுகின்றன. ஒரு நிறுவனம் தன் அலுவலகத்துக்குள்ளேயே பயன்படுத்திக்கொண்டால், எவ்வளவு மாற்றியிருந்தாலும், மூல நிரலை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. சொந்த வழங்கியில் (சர்வரில்) ஓடவிட்டு, உலாவி வழியாகப் பிறர் பயன்படுத்த விட்டாலும் ஜிபிஎல் கேட்பது எதுவுமில்லை. ஆனால் 2007 நவம்பரில் வந்த ஏஜிபிஎல்லின் பதின்மூன்றாவது பிரிவு அந்த இடைவெளியை அடைக்கிறது: நிரலை மாற்றியமைத்து வலையமைப்பு வழியாகப் பிறர் பயன்படுத்தும்படி வைத்தால், அந்தப் பயனர்களுக்கு மாற்றிய மூல நிரலைப் பெறும் வாய்ப்பை அளிக்க வேண்டும்.

நம் ஊரில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக எழுதிய நிரலை அவரிடம் ஒப்படைப்பதும் விநியோகமே. நாங்கள் யாருக்கும் விற்கவில்லை, ஒரே வாடிக்கையாளருக்குத்தானே கொடுத்தோம் என்பது விடையாகாது. கொடுத்தவுடன் அவருக்கு ஜிபிஎல் தரும் உரிமைகள் எல்லாம் உண்டு. அதைக் கட்டுப்படுத்தும் வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த ஒப்பந்தமே உரிமத்தோடு மோதுகிறது. எனவே எந்த நூலகத்தையும் தொடும் முன், பொருள் வழங்கியில் ஓடுமா, நிறுவல் கோப்பாகப் போகுமா, செயலிக் கடை வழியாகப் போகுமா, கருவிக்குள் அடைத்து விற்கப்படுமா என்பதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். நம் அடையாற்றுக் குழு நிறுவல் கோப்பாகப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. ஆகவே எல்லாக் கடமைகளும் அவர்களுக்குப் பொருந்தும்.

இரண்டாம் படி: பாகங்களின் பட்டியலும் உரிமத்தின் துல்லியமான பெயரும்

பட்டியலில் ஜிபிஎல் என்று மட்டும் எழுதினால் அதனால் ஒரு பயனும் இல்லை. ‘இரண்டாம் பதிப்பு மட்டும்’ என்பதற்கும் ‘இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது’ என்பதற்கும் இடையில்தான் பாதிச் சச்சரவுகள் குடியிருக்கின்றன. பிந்தையது என்று இருந்தால் நீங்கள் மூன்றாம் பதிப்பைத் தேர்ந்துகொண்டு பல கதவுகளைத் திறக்கலாம். மட்டும் என்று இருந்தால் அந்தக் கதவுகள் பூட்டியவைதான். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னல் இரண்டாம் பதிப்பு மட்டும் என்ற நிலையிலேயே நிற்கிறது. பதிப்பு எண்ணே குறிப்பிடாமல் ஜிபிஎல் என்று மட்டும் ஓர் ஆசிரியர் எழுதியிருந்தால், வெளிவந்துள்ள எந்தப் பதிப்பையும் தேர்ந்துகொள்ளலாம் என்று இரண்டாம் பதிப்பின் ஒன்பதாவது பிரிவு அனுமதிக்கிறது. இதை அறியாமல் நூலகத்தைக் கழித்துக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிரல் களஞ்சியத்தின் முகப்பில் உள்ள உரிமக் கோப்பு சொல்வதும் ஒவ்வொரு கோப்பின் தலைப்புக் குறிப்பு சொல்வதும் வேறுபடலாம் என்பதால் இரண்டையும் பாருங்கள். உரிமங்களுக்குத் துல்லியமான சுருக்கப் பெயர் தரும் எஸ்பிடிஎக்ஸ் குறியீடுகள் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே உருவானவை. 2021இல் அவை சார்ந்த வரையறை பன்னாட்டுத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது. ஸ்கேன்கோட், ஃபாஸாலஜி போன்ற கருவிகள் கோப்புகளைத் துருவிப் பட்டியல் தரும். கருவி தந்த பட்டியலை முடிவாகக் கொள்ளாமல் தொடக்கமாகக் கொள்ளுங்கள். ஏனெனில் ஒரே பெயருள்ள மென்பொருள் கட்டமைக்கும் விதத்தைப் பொறுத்து உரிமம் மாறும். ஒலி, காணொளிக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் இயல்பாக, ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. ஜிபிஎல் பாகங்களைச் சேர்க்கும் விருப்பத்தோடு கட்டினால் முழுவதும் ஜிபிஎல் ஆகிறது. கட்டற்றவை அல்லாத பாகங்களைச் சேர்க்கும் விருப்பத்தோடு கட்டினால் பிறருக்குக் கொடுக்கவே முடியாததாகிறது.

தரவுக் கோப்புகளையும் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். 2021 மார்ச்சில் ரூபி நிரல்மொழி உலகம் இதற்காகத் தடுமாறியது. மைம்மேஜிக் என்ற சிறு நூலகம் எம்ஐடி உரிமத்தில் வந்துகொண்டிருந்தது. அதற்குள் இருந்த கோப்பு வகைப் பட்டியல், ஜிபிஎல் உரிமத்தில் உள்ள வேறொரு திட்டத்திலிருந்து எடுத்தது என்பது சுட்டிக்காட்டப்பட்டது. ஆசிரியர் பழைய பதிப்புகளைத் திரும்பப் பெற்று, புதியதை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டார். அந்த நூலகத்தைச் சார்ந்திருந்த, ரெயில்ஸ் என்ற வலைச் சட்டகத்தில் எழுதிய திட்டங்களை உலகம் முழுவதும் நிறுவ முடியாமல் போயிற்று. பிழை இருந்தது ஒரே ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில்.

தமிழ்த் திட்டங்களில் எழுத்துருவும் சொற்பட்டியலும் இதே இடத்தில் வருகின்றன. நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் எழுத்துருக்களுக்கென்றே அமைந்த ஓஎஃப்எல் உரிமத்தில் உள்ளவை; மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்கலாம், எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது. விக்சனரியிலிருந்து எடுத்த சொற்பட்டியல் கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வுரிமையில் வருகிறது. அதன் நான்காம் பதிப்பில் உள்ள ஆக்கத்தை ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்குள் கொண்டுவரலாம் என்று 2015 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. எதிர்த்திசையில் அந்த அனுமதி இல்லை. முந்தைய மூன்றாம் பதிப்புக்கும் அது கிடையாது. விக்கிமீடியா திட்டங்கள் நான்காம் பதிப்புக்கு மாறியது 2023இல் என்பதால், உங்களிடம் உள்ள பட்டியல் எந்த ஆண்டு எடுத்தது என்பதும் முக்கியமாகிறது.

மூன்றாம் படி: பாகங்கள் எப்படிக் கோக்கப்பட்டுள்ளன?

நம் இலக்கண மரபு நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்துப் பார்த்தது. பதிப்புரிமைச் சட்டமும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கேட்கிறது: உங்கள் நிரல் மற்றதன் வழிவந்ததா, அல்லது பக்கத்தில் நிற்கும் வேறொன்றா? ஒரே குறுவட்டில், ஒரே நிறுவல் கோப்பில் இரண்டு தனி நிரல்கள் இருப்பது வெறும் சேர்க்கை. அதனால் ஒன்றின் உரிமம் மற்றதன்மேல் படர்வதில்லை. ஒரே நினைவகத்தில் சேர்ந்து ஓடி, ஒன்றின் செயற்கூறுகளை மற்றொன்று நேரடியாக அழைத்து, உள் தரவுக் கட்டமைப்புகளைப் பகிர்ந்துகொண்டால், இரண்டும் சேர்ந்து ஒரே ஆக்கம் என்பதே ஜிபிஎல்லை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. கட்டளை வரி வழியாகத் தனி நிரலாக இயக்கி, உரையைக் கொடுத்து ஒலியை வாங்கிக்கொண்டால் அவை பொதுவாக இரு வேறு நிரல்கள். ஆனால் அங்கும் பரிமாற்றம் மிக நெருக்கமாகப் பின்னியிருந்தால் ஒரே ஆக்கமாகக் கருத இடமுண்டு என்று அதே அறக்கட்டளை எச்சரிக்கிறது. நூலகத்தை நிலையாக இணைப்பதா, இயங்கும்போது இணைப்பதா என்ற வேறுபாடு எல்ஜிபிஎல்லுக்குத்தான் பெரிதும் பொருட்டு. ஜிபிஎல்லைப் பொறுத்தவரை அது காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

நான்காம் படி: எந்தத் திசையில் பொருந்துகிறது?

பொருத்தம் ஒருவழிப் பாதை. எம்ஐடி, பிஎஸ்டி போன்ற தாராள உரிமங்களில் உள்ள நிரலை ஜிபிஎல் திட்டத்துக்குள் கொண்டுபோகலாம். ஜிபிஎல் நிரலை எம்ஐடி திட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டு முழுவதையும் எம்ஐடி என்று சொல்லிக் கொடுக்க முடியாது. ஆகவே இவை இரண்டும் பொருந்துமா என்று கேட்காமல், இவை இரண்டும் சேர்ந்த முழுப்பொருள் எந்த உரிமத்தில் வெளியே போகும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் பொருத்தம் இருக்கிறது. ஒரு விடையும் கிடைக்காவிட்டால் இல்லை.

பழைய பிஎஸ்டி உரிமத்தில், விளம்பரங்களில் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற மூன்றாவது நிபந்தனை இருந்தது. ஜிபிஎல் கேட்காத கூடுதல் நிபந்தனை என்பதால் அது மோதியது. பெர்க்லி பல்கலைக்கழகம் 1999இல் அதைக் கைவிட்டது. அதே வகை நிபந்தனை மறையாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லின் பழைய உரிமத்திலும் இருந்ததால், அதைப் பயன்படுத்திய ஜிபிஎல் திட்டங்கள் தனி விலக்கு வரி எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. 2021இல் வெளிவந்த 3.0 பதிப்போடு ஓபன்எஸ்எஸ்எல் அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறியது. ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு அதனால் வழி திறந்தது, இரண்டாம் பதிப்பு மட்டும் என்று நிற்பவர்களுக்குத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பதை விளக்கியாக வேண்டும், ஏனெனில் அன்றாடம் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 2004இல் வந்த அப்பாச்சி 2.0, நிரலின்மீது காப்புரிமை (பேடன்ட்) வழக்குத் தொடுப்பவருக்கு அதன் காப்புரிமை அனுமதி முடிந்துவிடும் என்கிறது. நல்ல நோக்கமுள்ள நிபந்தனைதான். ஆனால் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் ஆறாவது பிரிவு, தான் சொல்லாத எந்தக் கட்டுப்பாட்டையும் பெறுநர்மேல் சுமத்தக் கூடாது என்கிறது. 2007 ஜூன் 29இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்த வகை நிபந்தனைகளுக்கு இடம்விட்டே எழுதப்பட்டது. ரஸ்ட் நிரல்மொழி உலகின் பல நூலகங்கள் எம்ஐடி அல்லது அப்பாச்சி, உங்கள் விருப்பம் என்று இரட்டை உரிமத்தில் வருவது இந்தப் பள்ளத்தைத் தாண்ட உதவுகிறது. எல்எல்விஎம் என்ற நிரல்தொகுப்பி (கம்பைலர்) திட்டமும் அப்பாச்சியோடு ஒரு விலக்கைச் சேர்த்தே தன் உரிமத்தை அமைத்தது.

ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு மட்டும் என்பதும் மூன்றாம் பதிப்பும்கூட ஒன்றோடொன்று சேரமாட்டா; பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். ஒவ்வொன்றும் முழுப்பொருளும் தன் பதிப்பிலேயே போக வேண்டும் என்கிறது, அதனால் விடை கிடைப்பதில்லை. ஜிபிஎல் மூன்றும் ஏஜிபிஎல் மூன்றும் சேரலாம், இரண்டின் பதின்மூன்றாம் பிரிவுகளும் அதை வெளிப்படையாக அனுமதிக்கின்றன. சேர்ந்த பொருளுக்கு ஏஜிபிஎல்லின் வலையமைப்பு நிபந்தனை பொருந்தும். 2012இல் வந்த, மொஸில்லாவின் எம்பிஎல் 2.0 கோப்பு அளவில் நிற்கும் உரிமம் என்பதால் பெரும்பாலும் தொல்லை தராது, அதைத் தடுக்கும் அறிவிப்பை ஆசிரியர் இணைத்திராத வரை.

மோதல் தீராமலே நிற்பதற்கு இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை சான்று. சன் நிறுவனம் அதை சிடிடிஎல் உரிமத்தில் வெளியிட்டது; அந்த உரிமம் தன் கோப்புகள் தன் உரிமத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது, லினக்ஸ் கெர்னலின் ஜிபிஎல் முழுவதும் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்கிறது. 2016இல் லினக்ஸ் தொகுப்பான உபுண்டு 16.04 இசட்எஃப்எஸ் தொகுதியைக் கட்டமைத்த வடிவிலேயே சேர்த்து வெளியிட்டபோது, அது மீறல் என்று திறமூல உரிமங்களைக் காக்கும் அமைப்பான சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அறிவித்தது. அனுமதிக்க இடமுண்டு என்று வாதிட்ட சட்ட அறிஞர்களும் இருந்தார்கள். இன்னொரு லினக்ஸ் தொகுப்பான டெபியன் அதை மூல நிரலாகக் கொடுத்து, பயனரின் கணினியிலேயே கட்டமைக்கும் வழியைத் தேர்ந்தது. சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிளிடமிருந்து அதிகாரபூர்வக் கடிதம் வரும்வரை கெர்னலுக்குள் சேர்க்க முடியாது என்று 2020இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சொன்னார். என் கணிப்பில் டெபியனின் வழிதான் சிறு குழுக்களுக்கு ஏற்றது. சட்டச் சண்டைக்கு ஆயத்தமான நிறுவனத்தின் துணிச்சலை நான்கு பேர் கொண்ட குழு பின்பற்றக் கூடாது.

ஐந்தாம் படி: முரணைத் தீர்க்கும் வழிகள், செலவு குறைந்ததிலிருந்து

முதலில் மாற்றுப் பாகம் தேடுங்கள். அடையாற்றுக் குழு பைமியூபிடிஎஃப்புக்குப் பதில் தாராள உரிமமுள்ள பிடிஎஃபியத்தை வைத்துப் பக்கங்களைப் படமாக்கி டெஸராக்டுக்குக் கொடுக்கலாம். பைக்யூட்டிக்குப் பதில் எல்ஜிபிஎல் உரிமத்திலும் கிடைக்கும் பைசைடு இருக்கிறது. பயனர் அந்த நூலகத்தை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ள இயலும்படி நிறுவல் கோப்பு அமைய வேண்டும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது பிரித்து வைத்தல். ஈஸ்பீக்கைச் செயலிக்குள் இணைக்காமல் தனி நிரலாக இயக்கினால் அவர்களின் சொந்த நிரல் எம்ஐடி உரிமத்திலேயே நிற்கும். ஈஸ்பீக்குக்குரிய மூல நிரலையும் உரிம வாசகத்தையும் அதனோடு கொடுக்கும் கடமை அப்போதும் நீங்காது.

மூன்றாவது வழி, தங்கள் விருப்பத்தை மாற்றிக்கொள்வது. முழுச் செயலியையும் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் வெளியிட்டால் டெஸராக்ட், ஈஸ்பீக், பைக்யூட்டி மூன்றும் ஒரே சமயத்தில் பொருந்திவிடுகின்றன. குழுவின் சொந்தக் கோப்புகள் தனித்தனியே எம்ஐடி என்ற குறிப்போடு இருக்கலாம். முழுப்பொருள் மட்டும் ஜிபிஎல்லில் போகும். பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் செயலிக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. 1992இல் கிளிஸ்ப் என்ற திட்டம், ஜிபிஎல் உரிமத்திலிருந்த ரீட்லைன் நூலகத்துக்காக இப்படித்தான் ஜிபிஎல்லுக்கு மாறியது.

இரண்டாம் பதிப்பு மட்டும் என்று நிற்கும் ஒலி நூலகம் எஞ்சுகிறது. அதற்கு ஆசிரியரிடமே கேட்பதுதான் வழி.

ஆறாம் படி: ஆசிரியருக்கு எழுதுதல்

உரிமம் கொடுத்தவர் ஒரு மனிதர், அவரைக் கேட்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குற்றஞ்சாட்டும் தொனி வேண்டாம். உங்கள் திட்டம் என்ன, எந்தக் கோப்பு, எந்த இரு பிரிவுகள் மோதுகின்றன, நீங்கள் கேட்பது என்ன என்பதை நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். முழு உரிம மாற்றத்தைக் கேட்பதைவிட, ‘அல்லது அதற்குப் பிந்தையது’ என்ற சொற்களைச் சேர்க்கும்படியோ குறிப்பிட்ட நூலகத்தோடு இணைக்க ஒரு விலக்கு வரி தரும்படியோ கேட்டால் சம்மதம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பங்களிப்பாளர்கள் பலராக இருந்தால் ஒவ்வொருவரின் ஒப்புதலும் தேவைப்படும். விஎல்சி காணொளி இயக்கி உரிம முரண்பாட்டால் ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து 2011 ஜனவரியில் நீக்கப்பட்ட பிறகு, அதன் மையப் பகுதியை எல்ஜிபிஎல்லுக்கு மாற்றப் பங்களிப்பாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து ஒப்புதல் வாங்கினார்கள்.

இங்கே இந்தியச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, பணியின் போக்கில் ஒருவர் எழுதிய நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணி கொடுத்தவரே முதல் உரிமையாளர். பெருங்குடியிலோ சிறுசேரியிலோ வேலை பார்க்கும் பங்களிப்பாளர் சரி என்று மின்னஞ்சல் அனுப்பினாலும், அது அவர் நிறுவனம் தர வேண்டிய ஒப்புதலாக இருக்கலாம். பதிப்புரிமையை எழுதி வாங்கும்போதும், காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆவது பிரிவு கொள்கிறது. எனவே காலமும் நிலப்பரப்பும் எழுத்தில் இருக்க வேண்டும். பதில் வந்ததும் அதை மின்னஞ்சல் பெட்டியில் விட்டுவிடாமல், தேதியோடு களஞ்சியத்தில் ஒரு கோப்பாகச் சேருங்கள்.

ஏழாம் படி: உங்களுக்கே அறிவிப்பு வந்தால்

வாதாடத் தொடங்கும் முன் விநியோகத்தை நிறுத்துங்கள். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் மீறினால் உரிமம் தானாகவே முடிந்துவிடுகிறது. மீட்டுத் தரும் வழி அதில் எழுதப்படவில்லை. மூன்றாம் பதிப்பின் எட்டாவது பிரிவு பொறுமையானது: முதன்முறையாக அறிவிப்புப் பெற்றவர் 30 நாட்களுக்குள் சரிசெய்தால் அந்த உரிமையாளர் தந்த உரிமை நிலையாகத் திரும்பிவிடும். அறிவிப்பு வந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், அன்றே பெற்றுக்கொண்டதாகப் பதில் எழுதுங்கள், எந்தப் பதிப்புகள் யார் யாரிடம் போயின என்ற பட்டியலைத் திரட்டுங்கள். இரண்டாம் படியில் பட்டியல் போட்டவருக்கு இது ஒரு பிற்பகல் வேலை. போடாதவருக்கு அந்த 30 நாட்களும் போதாமல் போகலாம்.

எதிர்த்தரப்பு சொல்வதை ஏற்க முடியாது என்று தோன்றினால் அப்போது வழக்கறிஞரைப் பாருங்கள். மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது, அத்துறையில் பழகியவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். அவரிடம் போகும்போது விநியோக முறையை எழுதிய தாள், துல்லியமான பெயர்களோடு பாகங்களின் பட்டியல், கோத்த விதத்தைக் காட்டும் ஒரு வரைபடம், ஆசிரியர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லுங்கள்.